காலி டின்னும் கந்தல் துணியும்: சிறு பிள்ளைகளுக்குக் கைவேலை



குழந்தைகள் வார்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கி அனுப்பலாமா என்று சபையார் அவ்வப்போது எங்களிடம் கேட்பதுண்டு. அன்பினால் கேட்கிற கேள்வி அது. அதற்காக முதலில் எங்கள் நன்றி. ஆனால் எங்கள் பதிலைக் கேட்டுச் சிலர் சற்று ஆச்சரியப்படுகிறார்கள். சாவி கொடுத்தால் ஓடுகிற கார் வேண்டாம். பாட்டரியில் பாடுகிற பொம்மையும் வேண்டாம். மூடியோடு கூடிய பால் பவுடர் டின், நடந்து முடிந்த கல்யாணங்களின் பத்திரிகைகள், தையற்கடையில் மிஞ்சும் துண்டுத் துணி, காலி நூல்கட்டை, பிஸ்கட் அட்டைப் பெட்டி ஆகியவை இருந்தால் போதும்.

இவற்றைக் கொண்டு என்ன செய்யலாம், ஏன் செய்யவேண்டும் என்பதை இந்த இதழில் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். நோயாளிப் பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல. உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும், பக்கத்து அங்கன்வாடிக்கும், ஞாயிறு பள்ளியின் சின்ன வகுப்புக்கும் இதே முறைதான்.

உணவோடு கூட விளையாட்டு

ஊட்டம் மிகவும் குறைந்துபோன ஒரு பிள்ளையை நீங்கள் அருகில் இருந்து பார்த்திருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அது அதிகம் அழாது. கிலுகிலுப்பையை ஆட்டினாலும் திரும்பிப் பார்க்காது. நீட்டிய விரலைப் பிடிக்காது. பசியினால் உடல் தன் செலவையெல்லாம் குறைத்துக்கொள்கிறது. அப்போது முதலில் நின்றுபோகிற காரியங்களில் விளையாட்டும் ஒன்று. விளையாடாத பிள்ளையோடு பெரியவர்களும் பேசுவதை மெல்ல மெல்ல விட்டுவிடுகிறார்கள். "முதலில் உடம்பு தேறட்டும், விளையாட்டெல்லாம் அப்புறம்" என்று தாய் நினைப்பது இயற்கைதான். ஆனால் அது சரியான வரிசை அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் கடுமையான ஊட்டக்குறைவுக்கான சிகிச்சைக் கையேடு ஒன்றை வெளியிட்டது. சர்க்கரை குறையாமல் பார்ப்பது, உடலின் சூடு குறையாமல் காப்பது, நோய்த்தொற்றுக்கு மருந்து, படிப்படியாக உணவு என்று போகிற அந்தச் சிகிச்சை முறையில் அன்பும் விளையாட்டும் ஒரு தனிப் படியாகவே வைக்கப்பட்டுள்ளன. நாள் ஒன்றுக்கு 15 முதல் 30 நிமிடம் பிள்ளையோடு முறையாக விளையாடவேண்டும் என்பது அறிவுரை. அந்தக் கையேட்டில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அதில் மருந்தின் அளவு இல்லை. டின், பிளாஸ்டிக் பாட்டில், அட்டை, கயிறு, கந்தல் துணி இவற்றால் செய்த விளையாட்டுச் சாமான்களின் படங்கள் இருக்கின்றன. கீழே நாங்கள் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்தப் படங்களின் வழியில் வந்தவையே.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல என்பதற்கு ஜமைக்கா தீவிலிருந்து ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அந்நாட்டுத் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை டாக்டர் சாலி கிரந்தம்-மக்ரெகரும் அவருடன் உழைத்தவர்களும் தெரிந்தெடுத்தார்கள். பிள்ளைகளின் வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. சில பிள்ளைகளுக்கு வாரம் 1 கிலோ பால் மாவு கொடுக்கப்பட்டது. சிலருடைய வீட்டுக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு முறை போய், ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து, கழிவுப் பொருளால் செய்த சாமான்களைக் கொண்டு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று காட்டினார். சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு சாமான்களைக் கொடுத்து அவற்றை வாங்கிப்போவார். இன்னும் சிலருக்கு இரண்டும் கிடைத்தன. மீதிப் பேருக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள்.

முடிவு 1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பால் மாவும் உதவியது, விளையாட்டும் உதவியது. இரண்டும் பெற்ற பிள்ளைகள் நல்ல வளர்த்தியுள்ள பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிட்டார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பால் மாவினால் மட்டும் வந்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் பெரும்பாலும் மங்கிப்போயிற்று. விளையாட்டினால் வந்தது நிலைத்தது. 20 ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பெற்றவர்கள் அது பெறாதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள் என்று 2014-ல் வெளியிடப்பட்டது.

ஆகவே உணவை நிறுத்திவிட்டு விளையாட்டுக் கொடுங்கள் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்! பசித்த பிள்ளைக்கு முதலில் கஞ்சிதான். நாங்கள் காண்பது இதுவே: அந்தப் பணியாளர்கள் கொண்டுபோன சாமான்களுக்கு விலை ஏதும் இல்லை. வேலை செய்தது பெரியவருடைய கையும் வாயும்தான். வீட்டுப் பொருளில் செய்த சாமானுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. தாயே அதைச் செய்கிறாள்; உடைந்தால் இன்னொன்று செய்வாள்; வீட்டுக்குப் போன பிறகும் அது தொடரும். கடைப் பொம்மையை மருத்துவமனையில் கொடுத்தால், பெரும்பாலும் அது உடையாதபடி பரண்மேல் ஏறிவிடுகிறது.

எந்தக் கைக்கு எந்த வேலை

பிள்ளையின் வயதைவிட அதன் கையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் முழு உள்ளங்கையாலும் வாரிப் பிடிக்கிறது. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைப் பொறுக்கக் கற்றுக்கொள்கின்றன. ஏறக்குறைய மூன்று வயதில் வட்டம் வரையும், நான்கில் கூட்டல் குறி, ஐந்தில் சதுரம். நோயினால் பின்தங்கிய பிள்ளை இவற்றைத் தாமதமாகச் செய்யும். அதனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வயதின் வேலையைக் கொடுக்க வெட்கப்பட வேண்டாம்.

கையில் பிடித்துக் குலுக்குகிற பருவத்துக்கு: ஒரு சிறிய தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் நிறமுள்ள பிளாஸ்டிக் கீற்றுகளை வெட்டிப் போட்டு, மூடியைப் பசை வைத்து இறுக்கி மூடிவிடுங்கள். கிலுகிலுப்பை ஆயிற்று. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பாட்டிமார் பனையோலையைப் பெட்டி போல முடைந்து, உள்ளே சிறு கல் வைத்து இதையே செய்தார்கள். அதுவும் நல்லதுதான். ஓலைமுனை குத்தாமல் மடக்கப்பட்டிருக்கிறதா, முடைச்சல் தளர்ந்து கல் வெளியே வருமா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

காலி நூல்கட்டைகள் நான்கைந்தைக் கனமான கயிற்றில் கோர்த்து வளையமாகக் கட்டினால், உட்காரப் பழகுகிற பிள்ளை அதைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருக்கும். பால் பவுடர் டின்னும் ஒரு மரக்கரண்டியும் சேர்ந்தால் மேளம். பக்கத்துக் கட்டில்காரர் முகம் சுளிப்பார். பகல் வேளையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

போடுவதும் எடுப்பதும் ஒரு வயதுப் பிள்ளைக்கு அலுக்காத வேலை. அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, துணி காயப்போடும் கிளிப்புகள் ஏழெட்டு. (ஸ்பிரிங் வைத்த கிளிப் வேண்டாம், ஒரே துண்டாக உள்ள பழைய மாதிரி நல்லது.) ஒவ்வொன்றாக உள்ளே போடட்டும். கவிழ்த்துக் கொட்டட்டும். மறுபடி போடட்டும். பாட்டில் தெளிவாக இருப்பது முக்கியம், போட்ட பொருள் எங்கே போயிற்று என்று பிள்ளை பார்க்கவேண்டுமல்லவா? கூடவே நாம் "உள்ளே, வெளியே, இன்னும் ஒன்று, காலி" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொல்லாமல் கொடுத்தால் வேலையில் பாதிதான் நடக்கும்.

கல்யாணப் பத்திரிகைக்கு வருவோம். இவ்வளவு கனமான, பளபளப்பான அட்டையைக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் எவ்வளவு ஆகும்! நம் வீடுகளிலோ ஒரு முகூர்த்த மாதம் முடிந்தால் ஒரு கட்டுக் குப்பைக்குப் போகிறது. ஒரே அளவில் மூன்று அட்டை வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம், மொத்தம் ஆறு படம் ஒட்டுங்கள். காலண்டர், விதைப் பாக்கெட், தீப்பெட்டி, பிஸ்கட் உறை எதிலிருந்தும் எடுக்கலாம். ஓரத்தில் இரண்டு துளையிட்டு நூலால் கட்டினால் புத்தகம். ஒன்றரை வயதிலிருந்து இது செல்லும். எழுத்து வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்த பொருள்களே படமாக வரட்டும்: ஆடு, வாழைப்பழம், குடம், பஸ், காக்கை. "பூனை எங்கே? பூனைக்கு வால் எங்கே? நம்ம வீட்டுப் பூனை என்ன செய்யும்?" எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தப் புத்தகத்தை வாசிக்கலாம். எங்களுக்கு இதைவிடப் பிரியமான கைவேலை வேறில்லை.

அட்டைப் பெட்டியிலுள்ள ஒரு பெரிய படத்தை இரண்டாக வெட்டிச் சேர்க்கச் சொல்லலாம். கைவந்த பிறகு நான்காக வெட்டலாம். துணி பொம்மைக்கு, துணியை இரண்டாக மடித்து ஆள் வடிவில் வெட்டி, ஓரம் தைத்து, உள்புறத்தை வெளியே திருப்பி, கந்தலை அடைத்துக் கடைசித் திறப்பையும் மூடிவிடுங்கள். கண்ணும் மூக்கும் நூலால் தைக்கவும். பித்தான் வைத்துத் தைப்பது அழகாக இருக்கும், ஆனால் பிள்ளை முதலில் கடித்துப் பிடுங்குவது அதைத்தான்.

பசை, மாவு, நிறம்

மூன்று வயதுக்கு மேல்தான் கைவேலை என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற வேலை தொடங்குகிறது. அதிலும் முதல் வேலை கத்தரிக்கோல் அல்ல, கிழிப்பது. பழைய தாளைச் சிறு சிறு துண்டாகக் கிழிப்பதற்கு இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்யவேண்டும். பிறகு பென்சில் பிடிக்கப்போகிற விரல்கள் அதில் பலப்படுகின்றன. கிழித்த துண்டுகளை, நாம் வரைந்து கொடுத்த மீனின் உடம்பில் செதில் செதிலாக ஒட்டட்டும்.

பசைக்குச் சோற்றுப் பருக்கை போதும். கூடுதலாக வேண்டுமானால் ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக் காய்ச்சி ஆறவையுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் புத்தகம் பைண்டு செய்கிறவர்களும் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் போடுவதுண்டு. அது விஷம், பிள்ளைகளின் பசையில் ஒரு சிட்டிகைகூடச் சேரக்கூடாது. துத்தம் இல்லாத பசை இரண்டாம் நாளே புளித்து நாறும். நாறட்டும், கொட்டிவிட்டு வேறு காய்ச்சலாம்.

பிசைகிற மாவுக்கு ஒரு தம்ளர் மைதா, அரைத் தம்ளர் தூள் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். தண்ணீரை அரைத் தம்ளருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். மூடி வைத்தால் சில நாள் இருக்கும். தீக்காயம் ஆறிக்கொண்டிருக்கும் கைக்கு, தோல் முழுவதும் மூடிய பிறகு, மருத்துவர் சம்மதித்தால் இந்த மாவு மிகவும் உதவும். "விரலை மடக்கு" என்று சொன்னால் அழுகிற பிள்ளை, இட்லி தட்டச் சொன்னால் தானாகவே மடக்கும். ஆனால் உப்பு அதிகமுள்ளதாகையால், எதையும் விழுங்குகிற சின்னப் பிள்ளைக்கு இந்த மாவு வேண்டாம். அவர்களுக்கு வெறும் சப்பாத்தி மாவே போதும்.

நிறத்துக்குச் சமையலறையே கடை. மஞ்சள் தூள் கரைசல், பீட்ரூட் சாறு, அரைத்த கீரை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி நிறத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் பூ விழும். பாகற்காயில் விழும் பூ வேறு. வாழைத்தண்டின் வட்டமும் நன்றாயிருக்கும். மஞ்சள் கரைசல் தடவிய தாள் காய்ந்தபிறகு, சோப்புத் தண்ணீரில் தோய்த்த குச்சியால் அதன்மேல் வரைந்தால் சிவப்பாகக் கோடு விழும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது ஒரு மந்திரம் போல! ஆரத்திக்குச் செய்கிறோமே என்று சுண்ணாம்பை எடுக்கவேண்டாம். சுண்ணாம்புப் பாக்கெட் கையில் பிதுங்கிக் கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்துபோகும். நம் நாட்டில் பிள்ளைகள் பார்வை இழக்க அது ஒரு காரணம். தெறித்துவிட்டால் அந்த இடத்திலேயே நல்ல தண்ணீரை விட்டுக் கண்ணை நெடுநேரம் கழுவி, பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் நாம் கற்றுக்கொடுத்துத்தான் தெரியவேண்டும் என்பதில்லை. நுங்கு தின்று எறிந்த இரண்டு கூந்தலை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தி, நடுவில் கவைக்கம்பை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. சோளத்தட்டையில் மாட்டுவண்டி, பூவரச இலையில் பீப்பீ, தென்னங்கீற்றில் பாம்பு. இவற்றை மறந்துபோனவர்கள் பெரியவர்கள்தான். ஒரு தாத்தாவைப் பிடித்து உட்கார வைத்தால் ஒரு மாலைக்குள் பத்துச் சாமான் செய்து தருவார். சற்றுப் பெரிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அரவிந்த் குப்தாவின் பெயரையும் சொல்லவேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.-யில் படித்த அவர், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபால் இணைத்துக் கணித வடிவங்கள் செய்யக் காட்டியவர். குப்பையிலிருந்து விஞ்ஞானப் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது.

படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது ஒற்றைக் கை வேலையாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும்: ஒட்டுவது, ஒற்றுவது, பழைய காலுறையைக் கையில் மாட்டிப் பொம்மையாகப் பேசவைப்பது. ஊசிக்குப் பயந்து வாயே திறக்காத பிள்ளை, தன் காலுறைப் பொம்மைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடும். நிமோனியா தேறிவரும் பிள்ளையை ஆழமாக மூச்சுவிடச் சொன்னால் செய்யாது. ஒரு காகிதப் பந்தைத் தட்டில் வைத்து, அடுத்த முனைக்கு ஊதித் தள்ளச் சொன்னால் பத்துமுறை ஊதும்.

எச்சரிக்கையாய் இருக்கவேண்டியவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். விலையில்லாத சாமான் என்பதால் அபாயமும் இல்லை என்று ஆகாது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில், அதன் வாய்க்குள் முழுவதும் போகக்கூடிய எதையும் கொடுக்கவேண்டாம். குறுக்களவு சுமார் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த பொருள் எல்லாம் இதில் அடங்கும்: சோடா மூடி, பாசிமணி, பித்தான், கோலி. புளியங்கொட்டையும் வேர்க்கடலையும் நம் வீடுகளில் எப்போதும் கைக்கெட்டுகிற இடத்தில் கிடப்பவை. மூக்கில் போட்ட விதை ஈரத்தில் ஊறிப் பருக்கும்; அதை ஊக்கால் தோண்டினால் இன்னும் உள்ளே போகும். மூச்சுக்குழாயில் இறங்கிய கடலைத் துண்டு, முதலில் வந்த புரைக்குப் பிறகு சில நாள் சும்மா இருந்துவிட்டு, ஆறாத இருமலாகவோ நிமோனியாவாகவோ வெளிப்படும். ஆகவே "போன வாரம் கடலை தின்னும்போது புரையேறிற்று" என்கிற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். அது ஒரு பிள்ளையின் நுரையீரலைக் காப்பாற்றும்.

தொண்டையில் அடைத்த பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள். இருமவோ அழவோ முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை தட்டி, பிறகு மல்லாத்தி நடுமார்பில் இரண்டு விரலால் 5 முறை அழுத்தவேண்டும். பெரிய பிள்ளையானால் முன்னே குனியவைத்து முதுகில் 5 முறை தட்டி, அதற்கும் வராவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே கை கோத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்தவேண்டும். பொருள் வெளியே வரும்வரை இவற்றை மாறிமாறிச் செய்யுங்கள். அதற்குள் ஒருவர் வண்டி பார்க்கட்டும்.

குன்றிமணியைக் கைவேலைக்கு எடுக்கவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு அழகான மணி வேறில்லை, அதுதான் கஷ்டம். முழுதாக விழுங்கினால் கெட்டியான தோல் ஓரளவு காக்கும். மென்றாலோ, கோர்ப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ உள்ளிருக்கும் கொடிய விஷம் இறங்கும். ஆமணக்கு விதையும் ஊமத்தை விதையும் அப்படியே.

வட்ட வடிவச் சிறு பாட்டரியைப் பற்றியும் சொல்லவேண்டும். விளக்கு எரிகிற வாழ்த்து அட்டை, பாடுகிற பொம்மை இவற்றில் இருப்பது. விழுங்கியது உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்துக்குள் குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். பாட்டரிப் பொம்மை வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இழுக்கும் வண்டிக்குக் கட்டும் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருந்தால், பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும் அது பிள்ளையின் கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையும் வெடித்த பலூன் துண்டும் வேண்டாம். ஸ்டேப்ளர் பின்னுக்குப் பதில் பசை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாமாகையால், வர்ணம் உரிகிற மரத்துண்டு எதுவும் கூடாது.

சபைகளில் செய்யக்கூடியது

மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் சபைகள் கைவேலைக்கென்று தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும் வாங்குகின்றன. அந்தத் தூள் கண்ணில் விழுந்தால் உறுத்திப் புண்ணாக்கும். தெர்மாகோல் மணி மூக்குக்குள் போக அளந்து செய்தது போல இருக்கும். அதற்குப் பதிலாக, பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு அட்டைப் புத்தகம் செய்யட்டும் என்பது எங்கள் யோசனை. ஒன்று வீட்டிலுள்ள தம்பி தங்கைக்கு, ஒன்று வார்டுக்கு. ஒரு பிள்ளை செய்த புத்தகம் ஒன்றை இன்னொரு பிள்ளை விரித்துப் பார்க்கும்போது உண்டாகிற சந்தோஷத்தைக் கடைப் பொருளில் நாங்கள் கண்டதில்லை. அழகாக இல்லையே என்று ஆசிரியர்கள் திருத்தி ஒட்டவேண்டாம்; மூன்று கால் உள்ள ஆடும் ஆடுதான்.

பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் துணி பொம்மை தைக்க முன்வந்தால், பருத்தித் துணியாக இருக்கட்டும். வெந்நீரில் போட்டு அலசி வெயிலில் காயவைக்க முடியவேண்டும். தொற்றுநோய் உள்ள பிள்ளையிடம் கொடுத்த பொம்மையை நாங்கள் திரும்ப வாங்குவதில்லை, வீட்டுக்கே கொடுத்துவிடுகிறோம். ஆகவே எண்ணிக்கை அதிகமாகத் தேவைப்படும், வேலைப்பாடு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

பொருள்களாக அனுப்புகிறவர்கள் பத்திரிகைகளிலுள்ள பெயர், முகவரிப் பகுதியைக் கிழித்துவிட்டு அட்டைகளை அளவு வாரியாகக் கட்டி அனுப்பினால் வேலை மிச்சம். பிளாஸ்டிக் பாட்டில்கள் தண்ணீர், பானம் இருந்தவையாக மட்டும் இருக்கட்டும். பினாயில், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இருந்தவற்றை எவ்வளவு கழுவினாலும் அனுப்பவேண்டாம். டின்களைக் கழுவிக் காயவைத்து, மூடியின் விளிம்பை உங்கள் விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.